கிறிஸ்துமஸ் பலகாரம்: வீட்டில் சுடுவதா, கடையில் வாங்குவதா?

டிசம்பர் 13, சனி, இரவு 10.40

இந்த வருஷம் பலகாரத்தைக் கடையில் வாங்கிவிடலாம் என்று குடும்பக் குழுவில் நான்தான் பேச்சை எடுத்தேன். உங்கள் வீடுகளில் யாராவது இப்படி நிறுத்தியிருக்கிறீர்களா? வீட்டுப் பெரியவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

அத்தைக்கு 71 வயது. மாமியாரைச் சொல்கிறேன். முழங்கால் இரண்டும் தேய்ந்து, கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டும். ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கம். நாங்கள் தாம்பரத்தில் இருக்கிறோம், பெரிய அத்தான் குடும்பம் கோயம்புத்தூரில். பண்டிகைக்குப் பத்துப் பேர் கூடுவோம். தூத்துக்குடியிலிருந்து மதினி (நாத்தனார்) வீட்டார் 26ஆம் தேதி வந்தால் பதினான்கு. இத்தனை பேருக்கும் தெருவுக்கும் சேர்த்து அத்தை ஐந்து நாள் அடுப்படியில் நிற்கிறார். போன வருஷம் எண்ணெய் தெறித்து முன்கையில் கொப்புளம். பொங்கல் வரைக்கும் தழும்பு ஆறவில்லை.

குழுவில் எல்லோரும் சரி என்றார்கள். அத்தை மட்டும் படித்துவிட்டுப் பதில் போடவில்லை.

டிசம்பர் 13, இரவு 11.15

என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டவருக்கு: முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கலகலா, கை முறுக்கு. கேக் எப்போதும் பேக்கரியில்தான். தூத்துக்குடியிலிருந்து மதினி மக்ரூன் கொண்டுவருவார். முந்திரிப் பருப்பும் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்ந்த அந்தச் சரக்கை வீட்டில் யாரும் முயற்சி செய்வதில்லை.

முந்திரிக்கொத்தில் முந்திரிப் பருப்பு கிடையாது. பாசிப்பயறும் கருப்பட்டியும்தான். கொடிமுந்திரிக் குலை மாதிரி மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். சென்னையில் பலருக்கு இதைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது.

டிசம்பர் 15, திங்கள்

ஆர்டர் கொடுத்துவிட்டேன். ஊருக்குப் பக்கத்திலேயே வீட்டில் சுட்டு விற்கிற ஒரு அம்மா. நாலு வகையும் சேர்த்து ஆறு கிலோ. 23ஆம் தேதி மாலை கொண்டுவந்து கொடுப்பார்.

அத்தையிடம் ஃபோனில் சொன்னேன். "சரிம்மா" என்றார். அப்புறம் பிள்ளைகளின் அரையாண்டுப் பரீட்சை பற்றிக் கேட்டார். அந்த "சரிம்மா"வில் என்ன இருந்தது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். இவரிடம் கேட்டால் "அம்மா சரின்னா சரிதான்" என்கிறார். மகனுக்குக் கேட்காத ஒன்று எனக்குக் கேட்கிறது.

டிசம்பர் 17, புதன், இரவு

இன்றைக்கு இரண்டு வருஷம். இந்த இழையில் நான் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாததுபோல் தோன்றலாம். ஆனாலும் எழுதுகிறேன், இந்தத் தேதி வந்தால் எனக்கு வேறு எதுவும் ஓடாது.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனைக்குப் போகும்போதே மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். அன்று ராத்திரி திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோனது. நாங்கள் ஊருக்கு ஏறி இறங்குகிற வண்டி அது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயலில் சென்னைப் பக்கம் தண்ணீர் நின்றது. எங்கள் தெருவிலும் முழங்கால் அளவு. அது வடிந்து வீட்டைக் கழுவி முடிப்பதற்குள் ஊரில் வெள்ளம்.

கடைசியாக ராத்திரி ஒன்பது மணிக்கு மாமா பேசினார். "வாசப்படிக்கு வந்துட்டு" என்றார். அப்புறம் மூன்று நாள் தொடர்பு இல்லை. மின்சாரம் இல்லை, டவர் இல்லை. டிவியில் ஏரலையும் ஸ்ரீவைகுண்டத்தையும் மேலிருந்து எடுத்துக் காட்டினார்கள். எல்லாம் ஒரே செம்மண் நிறம். நம் வீடு எது என்று தேடிக்கொண்டே இருந்தோம்.

நான்காம் நாள் ஒரு தெரியாத எண்ணிலிருந்து அத்தை பேசினார். எதிர்வீட்டு மாடியில் இருந்திருக்கிறார்கள். எங்கள் வீடு ஓட்டு வீடு, மாடி கிடையாது. தண்ணீர் ஜன்னல் வரை ஏறியபோது எதிர்வீட்டு அண்ணாச்சி வந்து இரண்டு பேரையும் கைப்பிடித்துத் தெருவைக் கடக்க வைத்திருக்கிறார். மாமாவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை எல்லாம் பீரோவின் மேல்தட்டில். மறுநாள் விடிந்ததும் அண்ணாச்சியே மார்பளவுத் தண்ணீரில் திரும்ப இறங்கி அதையும் எடுத்து வந்தார். மூன்று ராத்திரி அந்த வீட்டு மாடியில் ஒன்பது பேர். இருந்த அரிசியில் கஞ்சி.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் எதுவும் சுடவில்லை. பரணில் இருந்த கருப்பட்டி தவிர, மாவு, பயறு எல்லாம் சேற்றில். 25ஆம் தேதி விடியற்காலை கோயிலில் பெஞ்சுகளைக் கழுவிப் போட்டு ஆராதனை நடத்தினார்கள். எங்கள் பக்கம் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். புதுத்துணி யாரும் போடவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

டிக்கெட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. முன்பு 120 நாளாக இருந்தது, போன வருஷம் நவம்பரில் குறைத்தார்கள். 20ஆம் தேதிப் பயணத்துக்கு அக்டோபர் 21 காலை எட்டு மணிக்கு, தீபாவளிக்கு மறுநாள், இவரும் நானும் ஆளுக்கொரு ஃபோனோடு உட்கார்ந்தோம். நாலு படுக்கை கிடைத்தது, இரண்டு பெட்டிகளில். தட்கலை நம்பி ஊர்ப் பண்டிகைக்குத் திட்டம் போடாதீர்கள்.

டிசம்பர் 21, ஞாயிறு, பகல்

வந்து சேர்ந்தாயிற்று. வீட்டுக்குள் காலை வைத்ததுமே வறுத்த பயறு வாசம்.

மூன்று கிலோ பாசிப்பயறை அத்தை நேற்றே வறுத்து, மாமாவிடம் கொடுத்து மில்லில் ரவை பதத்துக்கு உடைத்து வாங்கி வைத்திருக்கிறார். பச்சரிசி ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அதுவும் மாவாகி டப்பாவில். பரணிலிருந்து ஓலைக் கொட்டான் கீழே இறங்கியிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. "ஆர்டர் கொடுத்தாச்சுன்னு சொன்னேன்ல அத்தை" என்றேன். அவர் கருப்பட்டியை உடைத்துக்கொண்டே, "அது அது பாட்டுக்கு வரட்டும்" என்றார். அவ்வளவுதான். நானும் பேசவில்லை. பயணக் களைப்பு வேறு.

டிசம்பர் 21, இரவு

கருப்பட்டியைப் பற்றிக் கொஞ்சம். பதநீர் இறக்குவது கோடையில். இப்போது சந்தையில் புதுக் கருப்பட்டி கிடைத்தால் யோசிக்கவேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சித்திரை, வைகாசியிலேயே வாங்கிப் பரணில் போட்டுவிடுவார்கள், அடுப்புப் புகை படுகிற இடத்தில். இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கசிந்துவிடும். அத்தை வாங்குவது உடன்குடிப் பக்கத்திலிருந்து. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சீனி கலக்காத கருப்பட்டியை உடைத்தால் உள்ளே மங்கலாக இருக்கும், வாயில் போட்டால் லேசாக உப்புக் கரிக்கும். பளபளவென்று கல்கண்டு மாதிரி உடைந்தால் வேண்டாம் என்பது அத்தையின் கணக்கு.

ஸ்டார் கட்டியாயிற்று. மாமா இன்னும் மூங்கில் கழியில்தான் கட்டுகிறார். பெரிய அத்தான் எல்.இ.டி. ஸ்டார் வாங்கி வந்தார், அது பக்கவாட்டில் தொங்குகிறது. படுக்கை ஏற்பாடு: நடுவீட்டில் பெண்களும் சின்னப் பிள்ளைகளும், திண்ணையில் ஆண்கள். பாய் பத்தவில்லை, கோயிலிலிருந்து ஜமுக்காளம் இரண்டு வந்தது. மார்கழிக் குளிர் இந்த ஊரில் பெரிதாக இல்லை, ஆனால் திண்ணையில் விடியற்காலை போர்வை தேடத்தான் செய்கிறார்கள்.

டிசம்பர் 22, திங்கள், பிற்பகல்

நேற்றுப் பகலில் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். திருத்தவேண்டியிருக்கிறது.

மதினி இன்று காலை பஸ்ஸில் வந்தார். பண்டிகை நாள் அவர் மாமியார் வீட்டில் என்றாலும், சுடுகிற அன்றைக்கு ஒரு நாள் வந்து போவது வழக்கம். பின்வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது நான் என் மனத்தாங்கலைச் சொன்னேன். "முட்டி வலின்னு நாம சொல்றோம், அவங்க கேக்கவே மாட்டேங்காங்களே மதினி."

மதினி துருவுவதை நிறுத்திவிட்டு எதிர்வீட்டைக் காட்டினார்.

அண்ணாச்சி ஆவணியில் தவறிவிட்டார். எனக்குத் தெரியும். துக்கம் கேட்க இவர் மட்டும் வந்து போனார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் நான் வரவில்லை. தெரிந்தும் எனக்கு உறைக்காத விஷயம் இது: ஒரு வருஷம் அந்த வீட்டில் பண்டிகைக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். தீபாவளிக்கு வைக்கவில்லை. பொங்கலுக்கும் வாசலில் பானை ஏறாது. வீட்டில் பேரப்பிள்ளைகள் இரண்டு, ஆறு வயதும் ஒன்பது வயதும். துக்க வீட்டுக்குப் பலகாரம் வெளியிலிருந்துதான் வரவேண்டும், அக்கம்பக்கத்தவர்கள்தான் கொடுக்கவேண்டும். தீபாவளிக்கு நம் வீட்டில் சுடுகிற பழக்கம் இல்லை. அதனால் அத்தை கிறிஸ்துமஸுக்காகக் காத்திருந்திருக்கிறார்.

"கடைல வாங்கினதக் கொண்டு அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்னு அம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க" என்றார் மதினி. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒன் மனசு கஷ்டப்படும்னுதான். நீ அவங்களுக்காகத்தான சொல்ற."

தேங்காயை முழுக்கத் துருவி முடிக்கும்வரை எனக்குப் பேச்சு வரவில்லை.

டிசம்பர் 22, இரவு

முந்திரிக்கொத்து அளவு கேட்டவர்களுக்கு. ஒரு கிலோ பயறு, ஒரு கிலோ கருப்பட்டி, பெரிய தேங்காய் இரண்டு. தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுக்கவேண்டும், ஈரம் இருந்தால் நாலு நாளில் சிக்கு வாடை வந்துவிடும். எள் 100 கிராம், சுக்கு, ஏலக்காய். பாகு கம்பிப் பதத்துக்கு முன்னால் இறக்கி, வடிகட்டி, சூட்டோடு கொட்டிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் உருட்டவேண்டும். ஆறிவிட்டால் உதிரும். மேல்மாவுக்குப் பச்சரிசி மாவு, உப்பு, ஒரு துளி மஞ்சள், தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக.

மூன்று கிலோவுக்கு முந்நூற்றுச் சில்லறை உருண்டை வந்தது. ஏழு பேர் உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம்.

டிசம்பர் 23, செவ்வாய், காலை 6.00

முந்தைய அளவில் ஒரு திருத்தம். அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். கருப்பட்டி ஒரு கிலோ என்று போட்டது தப்பு. கல், மண், தும்பு எல்லாம் வடிகட்டினால் குறையும், அதனால் ஒன்றேகால் கிலோ எடுக்கவேண்டுமாம். சுக்கை நான் விட்டுவிடுவேன் என்று நினைத்தார், எழுதியிருக்கிறேன் என்றதும் தலையாட்டினார்.

டிசம்பர் 23, இரவு 9.30

சுட்டாயிற்று. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து மாலை நாலு மணிக்கு முடிந்தது. ஐந்து நாள் வேலை என்று நான் முதல் குறிப்பில் எழுதினேன், அது ஒரே ஆள் செய்யும்போது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுதவேண்டும். போன வருஷம் அத்தையின் கையில் எண்ணெய் தெறித்த அன்று நானும் இந்த வீட்டில்தான் இருந்தேன். முன்னறையில் லேப்டாப்பில் அலுவலக வேலை. பெரிய அத்தான் வீட்டு அக்கா பிள்ளைகளோடு துணி எடுக்கப் போயிருந்தார். ஆண்கள் மூன்று பேரும் ஸ்டாருக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை தனியாகக் கீழே உட்கார்ந்து, ஒரு கையில் மாவு, ஒரு கையில் கரண்டி, வழிந்த எண்ணெயைத் துடைக்கக்கூட ஆள் இல்லாமல் இருந்தார். அந்த வீட்டைப் பார்த்துவிட்டு நான் எடுத்த முடிவு, சுடுவதை நிறுத்துவது. இன்னொரு முடிவும் இருந்திருக்கிறது, அது எனக்குத் தோன்றவில்லை.

இன்று அடுப்பைப் பின்வாசலுக்கு மாற்றினோம். துணி துவைக்கிற கல்லின் மேல் கேஸ் அடுப்பு, இடுப்பு உயரத்துக்கு வந்தது. பக்கத்தில் அத்தைக்கு நாற்காலி. அவர் கைவேலை எதுவும் செய்யவில்லை, எண்ணெயை மட்டும் பார்த்தார். எண்ணெயின் சத்தத்தை வைத்தே "தீயக் கொற" என்பார். முந்திரிக்கொத்தை நான் போட்டேன், அக்கா எடுத்தார், மதினி கலகலாவுக்கு மாவைத் தேய்த்துச் சாய்சதுரமாகக் கீறித் தள்ளினார். பிள்ளைகள் துண்டுகளைப் பிரித்தார்கள். என் மகள் பிரித்ததில் பாதி மாவாகவே அவள் வாய்க்குள் போனது.

அச்சு முறுக்கு இவர் பொறுப்பு. அச்சு அத்தையின் தாயார் கொடுத்தது, பித்தளை. எண்ணெயில் நன்றாகக் காயவைத்து, மாவில் முக்கால் பாகம்தான் முக்கவேண்டும். மேல்விளிம்பு வரை மாவு ஏறிவிட்டால் கழன்று வராது. முதல் ஏழெட்டு போயிற்று. அதன் பிறகு கை பழகி, அச்சை லேசாகத் தட்டினாலே பூ மாதிரி கழன்று மிதந்தது. 44 வயதில் தன் அம்மா வீட்டு அச்சை அவர் முதல்முறையாகப் பிடிக்கிறார். முடிந்ததும் அச்சைத் துடைத்து அவரே பழைய துணியில் சுற்றி வைத்தார்.

டிசம்பர் 23, இரவு 10.15

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன்.

எதிர்வீடு சைவம். அச்சு முறுக்கு மாவில் நாங்கள் முட்டை சேர்ப்போம். அதனால் காலையில் புது எண்ணெய் ஊற்றியதும் முதலில் சுட்டது அவர்களுக்கு: முட்டை இல்லாமல், தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் எள்ளும் மட்டும் சேர்த்த மாவு. முட்டை இல்லாவிட்டால் கொஞ்சம் கடினமாக வரும், அதற்குத் தேங்காய்ப்பாலைத் திக்காக எடுக்கவேண்டும். அவர்கள் பங்கை எடுத்து மூடி வைத்த பிறகுதான் முட்டை உடைத்தோம். இரண்டு மாவுக்கும் இரண்டு சட்டி. அத்தை இதை யாருக்கும் விளக்கவில்லை. "இந்தத் தூக்குல இருக்கத யாரும் தொடாதிய" என்றதோடு சரி. எத்தனையோ வருஷமாக இப்படித்தான் நடந்திருக்கிறது என்று மாமா சொன்னார். ஆறு கிலோ ஆர்டர் கொடுத்தபோது, முட்டை போட்டதா, எந்த எண்ணெய், முன்னால் அதில் என்ன பொரித்தார்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஆர்டரும் மாலையில் வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது, அந்த அம்மாவைக் குறைசொல்ல ஒன்றும் இல்லை. என்ன செய்வது என்று யோசித்ததில், கேரல்ஸ் வருகிற பையன்களுக்குக் கொடுப்பது என்று முடிவானது.

டிசம்பர் 24, புதன், இரவு 11.50

இன்றைய வேலைகள் சும்மா ஒரு பட்டியலாக: கறிக்கடைக்குச் சொல்லிவைத்தது, இஸ்திரி, பத்துப் பேர் குளியலுக்கு வரிசை, மோட்டார் ஓடும்போது மின்சாரம் போனது, வந்தது. ஜரிகைத்தாள் ஒட்டிய குடிலில் ஒரு ஆட்டுக்குட்டியைக் காணோம் என்று தேடல். கிடைத்தது, பெரிய அத்தான் மகனின் சட்டைப்பையில்.

நேற்று ராத்திரி கேரல்ஸ் எங்கள் தெருவுக்கு வரும்போது மணி ஒன்றே கால். வாசல் விளக்கைப் போட்டே வைத்திருந்தோம். வேனில் ஒரு கீபோர்டு, தாத்தா வேஷத்தில் ஒரு மெலிந்த பையன், சின்னப் பிள்ளைகளுக்கு மிட்டாய். இரண்டு பாட்டு, ஒரு சின்ன ஜெபம், காணிக்கை. ஆறு கிலோவும் காலி. பசியோடு இருந்திருக்கிறார்கள், பாவம். அடுத்த தெருவில் இன்னும் இருபது வீடு பாக்கி என்றார்கள்.

துக்க வீடு எதிரில் இருப்பதால் எங்கள் வாசலில் மேளம் தட்டவில்லை. மாமா முன்கூட்டியே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

டிசம்பர் 25, வியாழன், காலை 9.00

ஐந்து மணி ஆராதனை. மூன்றரைக்கு எழுந்தோம். அம்மன் கோயிலில் மார்கழிப் பாட்டு ஒலிபெருக்கியில் ஆரம்பிப்பதற்குள் எங்கள் கோயில் மணி அடித்துவிட்டது. இட்லி, ஆட்டுக்கறிக் குழம்பு. பிள்ளைகள் புதுத்துணியோடு தூங்கிவிட்டார்கள். பிறகு எழுதுகிறேன்.

டிசம்பர் 25, மாலை

பத்து மணி வாக்கில் அத்தை தூக்கை எடுத்தார். கூட நான் போனேன். தெருவைக் கடக்கிற தூரம்தான், அவர் முழங்காலுக்கு அது நாலைந்து நிமிஷம். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எதிர்வீட்டு ஆச்சி திண்ணையில் இருந்தார். எழுந்து வந்து தூக்கை இரண்டு கையாலும் வாங்கினார். யாரும் "ஹேப்பி கிறிஸ்துமஸ்" சொல்லவில்லை. "மூட்டு எப்படி இருக்கு" என்று அவர் கேட்டார். "இருக்கு" என்றார் அத்தை. சுவரில் அண்ணாச்சி படம், சந்தனப்பொட்டு, மாலை. அந்தப் படத்தில் அவருக்குக் கண்ணாடி இல்லை, அதனால் எனக்குச் சட்டென்று அடையாளம் பிடிபடவில்லை.

பேரப்பிள்ளைகள் இரண்டும் கதவுக்குப் பின்னால் நின்றன. ஆச்சி மூடியைத் திறந்து அச்சு முறுக்கை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். சின்னவன் அதை மோதிரம் மாதிரி விரலில் மாட்டப் பார்த்தான், உடைந்துவிட்டது, ஆச்சியின் முகத்தைப் பார்த்தான். ஆச்சி இன்னொன்று கொடுத்தார்.

மாடிப்படி அப்படியே இருக்கிறது. நாலாவது படியில் தண்ணீர் நின்ற கறை இன்னும் போகவில்லை. அத்தை அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

டிசம்பர் 27, சனி

பண்டிகை முடிந்த இரண்டாம் நாள் அலுப்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வீட்டில் பதினான்கு பேர். கழுவத் தீராத பாத்திரம், மிஞ்சிய கேக், பிள்ளைகளுக்குள் சார்ஜருக்காகச் சண்டை. அரையாண்டு விடுமுறை வீட்டுப்பாடத்தை ஒருவரும் தொடவில்லை. நேற்று ஃபோன்களை எல்லாம் வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு மாமா பிள்ளைகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். அழுக்காகத் திரும்பி வந்தார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள்.

என் அம்மா வீட்டுக்கு எப்போது வருகிறாய் என்று மூன்று ஃபோன். கிறிஸ்துமஸ் இங்கே, புத்தாண்டு அங்கே என்பது கல்யாணத்திலிருந்து எங்கள் ஒப்பந்தம். அம்மா வீடு நாசரேத், அரை மணி நேரம்தான், ஆனாலும் பெட்டி கட்டவேண்டும். இந்தத் தடவை கொஞ்சம் தயக்கம். 31ஆம் தேதி காலையில் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அங்கே கேட்பார்கள், பதில் சொல்லிக்கொள்ளலாம்.

டிசம்பர் 28, ஞாயிறு

அடுப்பைக் கல்லின் மேல் வைப்பது ஆபத்தில்லையா என்று கேட்டவருக்கு: சரியான கேள்வி. கல் ஆடாமல் இருக்கவேண்டும், சிலிண்டர் தள்ளியிருக்கவேண்டும், காற்று அடிக்கிற பக்கமாக மறைப்பு வேண்டும். நாங்கள் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தோம். சின்னப் பிள்ளைகளுக்கு அடுப்பிலிருந்து ஆறடி தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டோம். அத்தையின் யோசனை அது.

டிசம்பர் 30, செவ்வாய்

தூக்கு திரும்பி வந்தது. எதிர்வீட்டுப் பெரிய பேரன் கொண்டுவந்தான். கொடுத்தனுப்பிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற வழக்கம் இந்தத் தெருவில் இல்லை, துக்க வீடாக இருந்தாலும். உள்ளே ஒரு கை சர்க்கரை. தூக்கின் வளையத்தில் முருங்கைக்காய் ஒரு கட்டு, வாழைநாரில் கட்டியது. அண்ணாச்சி வைத்த மரம். வெள்ளத்தில் சாய்ந்து கிடந்ததைக் கம்பு கொடுத்து நிமிர்த்தினார் என்று மாமா சொன்னார்.

மத்தியானம் சாம்பார்.

ஜனவரி 2, வெள்ளி

அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். 31 ராத்திரி ஆராதனை முடிந்து, வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை வாங்கி, வீட்டுக்கு வந்து படுக்கும்போது இரண்டு மணி. நாளை மாலை வண்டி. இந்தத் தடவை நாலு படுக்கையும் ஒரே பெட்டியில்.

முதல் கேள்விக்கு இன்னும் பதில் கேட்கிறவர்களுக்கு: கலகலாவையும் கை முறுக்கையும் அடுத்த வருஷம் வெளியில் வாங்குவோம், அத்தையே ஒத்துக்கொண்டார். கேரல்ஸ் பையன்களுக்கு அதிலிருந்து. முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் வீட்டில். டிசம்பர் 22, 23 இரண்டு நாளும் நான் லீவு போடுகிறேன், காலண்டரில் இப்போதே குறித்துவிட்டேன். சித்திரையில் கருப்பட்டி வாங்க இவர் ஊருக்கு வரவேண்டும், பத்துக் கிலோ. மில்லுக்கு மாமா.

பொங்கலுக்கு எதிர்வீட்டுக்கு என்ன கொடுப்பது என்று நேற்று ஃபோனில் அத்தையிடம் கேட்டேன். மதினி 14ஆம் தேதி வருவாராம், சர்க்கரைப் பொங்கல் வைப்பதற்கு. "நம்ம வீட்டுப் பானை அவங்களுக்குச் சின்னது. பெருசு ஒண்ணு தேடணும்" என்றார்.